வெடிக்காதிருத்தலின் வரலாறு

ஆயுதங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வெடித்தவற்றையே எழுதுகின்றனர். எவ்வளவு தொலைவு பாய்ந்தது, எந்தக் கோட்டை வீழ்ந்தது, எத்தனை பேர் மாண்டனர் என்பவையே ஏடுகளை நிரப்புகின்றன. வெடிக்கக்கூடாத நேரத்தில் வெடிக்காதிருக்க ஒரு குண்டு எவ்வாறு பழக்கப்பட்டது என்னும் கதையும் அதே அளவு நீண்டதுதான், சொல்வார்தாம் குறைவு. 'மெம்ஸ்' என்று சுருக்கமாக வழங்கும் நுண்மின் எந்திரங்கள் படைத்துறைக்குள் புகுந்த வரலாற்றை நாம் அந்த வழியாகவே அணுகப் போகிறோம்.

இதன் அடிப்படையைச் செல்லூர்க்காரர்களுக்கு விளக்கப் பெரிய நூல்கள் தேவையில்லை. வைகையின் வடகரையில் தறிச்சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். விசைத்தறியின் ஓரத்தில் சிறு முட்கரண்டி போன்ற கம்பி ஒன்று உண்டு. நாடா ஓடி முடிக்கையில் ஊடை நூல் இருந்தால், அந்நூல் கம்பியைத் தள்ளும். தறி தொடர்ந்து ஓடும். நூல் அறுந்திருந்தால் கம்பி தள்ளப்படாது. அதன் மறுமுனை ஒரு கொக்கியில் சிக்கித் தறியை நிறுத்திவிடும். உணர்தல், இயக்குதல், காத்தல் என்னும் மூன்று வேலைகளையும் விரல் நீளக் கம்பி ஒன்றே செய்துவிடுகிறது. மின்சாரம்கூட அதற்கு வேண்டாம். அந்தக் கம்பியை மயிரிழைப் பருமனுக்குச் சுருக்கி எறிகுண்டின் மூக்கில் வைத்தால் என்ன கிடைக்குமோ, அதுவே நம் பொருள்.

பதினெட்டாம் நூற்றாண்டில் குண்டுக்கு இந்த அறிவு கிடையாது. 1763-64ஆம் ஆண்டுகளில் கம்மந்தான் கான்சாகிப் என்கிற யூசுப்கான் மதுரைக் கோட்டைக்குள்ளிருந்து கும்பினிப் படையை எதிர்த்து நின்ற காலத்தில், ஐரோப்பியப் படைகளின் வெடிகுண்டுகளுக்கு மரக்குழலில் மருந்து அடைத்த திரியே உயிர்நாடி. போக வேண்டிய தொலைவைக் கணித்துக் குழலை அறுப்பார்கள். அறுத்தவன் கை தவறினால் குண்டு வானிலேயே வெடிக்கும், அல்லது விழுந்தபின் வெகுநேரம் புகைந்துகொண்டு கிடக்கும். நெருப்பும் மருந்தும் எப்போதும் அருகருகே இருந்தன. இடையே நின்றது வீரனின் கவனம் மட்டுமே.

அக்கவனம் போதாது என்பதற்குத் தமிழ் மண்ணிலேயே சான்று உண்டு. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையை ஐதர் அலியும் திப்புவும் சூழ்ந்தனர். போரின் நடுவே பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. அதன்பின் அப்படை தேறவே இல்லை. வண்டிகளைத் தீண்டியது மைசூர் ராக்கெட்டா, பீரங்கிக் குண்டா என்பதில் வரலாற்றாசிரியர்கள் வேறுபடுகின்றனர். ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் அரண்மனைச் சுவரோவியத்தில் அவ்வெடிப்பை இன்றும் காணலாம். மைசூர் ராக்கெட்டின் புகழைப் பாட இந்தப் போரை மேற்கோள் காட்டுவது நம்மவர் வழக்கம். நமக்கோ அந்த வண்டிகளே முக்கியமாகப் படுகின்றன: ஒரு படை, தான் சுமந்து வந்த மருந்தாலேயே குலைந்தது.

இருபதாம் நூற்றாண்டிலும் இது ஓயவில்லை. 1967 ஜூலை 29 அன்று அமெரிக்காவின் ஃபாரஸ்டல் என்னும் விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில், நின்றிருந்த விமானம் ஒன்றிலிருந்து ராக்கெட் தானே பாய்ந்தது. தொடர்ந்த தீயிலும் வெடிப்புகளிலும் 134 பேர் மாண்டனர். பகைவர் எவரும் அருகில் இல்லை.

பீரங்கிக் குண்டின் வெடிமுனையை வடிவமைப்போர் இதற்குக் கண்ட விடை எளிமையானது. தூண்டும் மருந்தையும் பெருமருந்தையும் நேர்கோட்டில் வைக்காமல், இடையே ஒரு தகட்டால் மறித்துவிட வேண்டும். தகடு விலக இரண்டு பூட்டுகள் திறக்க வேண்டும். அவ்விரண்டையும் திறக்கும் சாவிகள் வெவ்வேறாக இருக்க வேண்டும். ஒரு சாவி, குழலிலிருந்து பாயும் கணத்தின் முடுக்கம். பெரும் பீரங்கிகளில் அது புவியீர்ப்பைப் போல் பத்தாயிரம் மடங்கையும் தாண்டும். மற்றொன்று, பறக்கும்போது குண்டு பெறும் சுழற்சி. இரண்டும் ஒருசேர வாய்ப்பது மெய்யாகச் சுடும்போது மட்டுமே.

இங்கே ஒரு சிக்கல். வண்டியிலிருந்து இறக்குகையில் கைதவறிக் கல்தரையில் விழும் குண்டும் பேரதிர்ச்சியைப் பெறுகிறது. அதை வெடிமுனை சுடுதலாக எண்ணிவிடக் கூடாதல்லவா? இரண்டையும் பிரிப்பது வலிமையன்று, நேரம். தரையில் மோதும் அதிர்ச்சி நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். குழலுக்குள் தள்ளப்படும் குண்டோ அதைவிடப் பன்மடங்கு நேரம் முடுக்கத்தைத் தாங்குகிறது. ஆகவே ஒரு சிறு எடைக்கட்டியை வில்லில் பொருத்தி, கோணல்மாணலான பள்ளத்தின் வழியே அது இறங்குமாறு செய்தனர். ஒவ்வொரு வளைவிலும் கட்டி முட்டி நின்று திரும்ப வேண்டும். குறுகிய அதிர்ச்சியில் அது பாதி வழி செல்வதற்குள் வில் பின்னுக்கு இழுத்துவிடும். நீண்ட முடுக்கத்தில் மட்டுமே கடைசி வளைவைத் தாண்டும். கணிப்பொறி இல்லாமலேயே காலத்தை அளக்கும் இந்த உபாயம் எந்தக் கவிஞனையும் பொறாமைப்பட வைக்கும் என்பது எம் எண்ணம்.

பித்தளைப் பல்சக்கரங்களும் வில்களுமாகக் கடிகாரம் போல் செய்யப்பட்ட இவ்வமைப்பு, குண்டு சிறுத்தபோது இடம் போதாமல் திணறியது. இதற்குள் வேறொரு துறையில் வழி திறந்திருந்தது. 1954இல் பெல் ஆய்வகத்தின் சார்லஸ் ஸ்மித், சிலிக்கானை அழுத்தினால் அதன் மின்தடை பெரிதும் மாறுவதைக் கண்டார். 1982இல் ஐபிஎம்மைச் சேர்ந்த கர்ட் பீட்டர்சன், சிலிக்கான் ஒரு சிறந்த எந்திரப் பொருளும்கூட என்று விரிவான கட்டுரை எழுதினார். 1990களின் தொடக்கத்தில் கார்களின் காற்றுப்பைக்கான நுண் முடுக்கமானிகள் சந்தைக்கு வந்தன. காற்றுப்பையும் ஒருவகைக் குண்டுதான். மோதலுக்கு விரிய வேண்டும், பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் விரியக்கூடாது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் யுரேனியத்தைப் பிரிக்கும் நுண்துளைகளுக்காக உருவான 'லிகா' என்னும் முறையில், நிக்கல் உலோகத்தையும் நுண்ணிய உருவங்களாக வார்க்க முடிந்தது. இத்தகைய முறைகளைக் கொண்டு அமெரிக்க இராணுவத்தின் பிகாட்டினி ஆய்வகத்தார், அதே கோணல் பள்ளத்தையும் வில்லையும் எடைக்கட்டியையும் விரல்நகத்துள் அடங்கும் அளவில் வடித்தனர். கருத்து பழையது, பருமன் மட்டுமே புதியது.

இந்தியாவுக்கு இந்த நுண்பொருள்கள் வேறு வாசல் வழியே வந்தன. சரியாகச் சொன்னால், வாசல் அடைக்கப்பட்டதால் வந்தன. 1987இல் ஏழு நாடுகள் கூடி வகுத்த ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டின் பட்டியலில் முடுக்கமானிகளும் சுழல்மானிகளும் இடம்பெற்றன. 1989 மே மாதம் அக்னி பறந்தபின் கெடுபிடி கூடியது. 1998 பொக்ரான் சோதனைக்குப் பின் தடைகளும் சேர்ந்தன. அவ்வாண்டே பெங்களூரில் நுண்ணறிக் கட்டமைப்புகளுக்கான 'ஐஎஸ்எஸ்எஸ்' என்னும் அறிஞர் சங்கம் தோன்றியது. 1999இல் அப்துல் கலாமுக்குப் பின் பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகரான வாசுதேவ் ஆத்ரே, திறன்மிகு பொருள்களுக்கான தேசியத் திட்டத்தை முன்னின்று நடத்தினார். அதன் நீட்சியாக நுண் அமைப்புகளுக்கான இரண்டாம் திட்டம் 2007இல் தொடங்கிற்று.

கலாமின் ஏவுகணைகளை அறியாத தமிழ்க் குழந்தை இல்லை. ஆத்ரேயின் பெயரை அறிந்தவரோ இலக்கிய வாசகரிடையே அரிது. ஏவுகணை விண்ணில் எழுவது படமாகிறது. உணரி ஒன்று சரியாக உணர்வதைப் படம் பிடிக்க முடியாது. ஆயினும் அத்திட்டங்களின் பயன் பரவலானது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் கே. என். பட் போன்றோர் சிலிக்கான் அழுத்த உணரிகளில் உழைத்தனர். சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட பல கல்விக்கூடங்களில் வடிவமைப்பு மையங்கள் அமைந்தன. கோடிக்கணக்கில் விலைபோகும் உற்பத்திக்கூடம் இல்லாத ஊர்களிலும் மாணவர்கள் கணிப்பொறித் திரையில் நுண்வில்லை வளைத்துப் பார்த்தனர். வடிவமைப்பில் வளர்ந்த அளவுக்கு உற்பத்தியில் நாம் வளரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2016 ஜூனில் இந்தியா அந்தக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டில் உறுப்பினராயிற்று. முடுக்கமானிகளைப் பிறருக்குக் கொடுக்கலாமா என்று தீர்மானிக்கும் இருக்கைகளில் ஒன்று நமதாயிற்று. அவ்வாண்டு ஜனவரியில் ஆத்ரேக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டிருந்தது. அதே பட்டியலில் ரஜினிகாந்தும் மருத்துவர் வி. சாந்தாவும் இருந்ததால், தமிழ் வாசகரின் கண் அந்தப் பெயரில் தங்கியிருக்க வாய்ப்பில்லை.