மாட்ரிட்டின் மூன்று அருங்காட்சியகங்கள்: குறும்பயணத்திற்கு ஒரு பார்வைத் திட்டம்

1. பொருளும் எல்லையும்

ஐரோப்பிய நகரம் ஒன்றில் மூன்று நான்கு நாள் தங்கித் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே முறையில்தான் அருங்காட்சியகங்களுக்குத் திட்டமிடுகிறார்கள். பெயர்பெற்றவற்றைப் பட்டியலிட்டு, நாளுக்கு இரண்டு என்று பிரித்து, நுழைவுச்சீட்டு வாங்கிவிடுகிறார்கள். எங்கே போகிறோம் என்பது இதில் முடிவாகிவிடுகிறது. எதைப் பார்க்கப் போகிறோம் என்பதோ கடைசிவரை முடிவாவதில்லை. உள்ளே போய், வரைபடத்தை விரித்துப் பிடித்து, அறை அறையாக நீளும் கட்டடத்தின் நடுவில் நிற்கும்போதுதான் அந்தக் கேள்வி எழுகிறது. அப்போது பதில் தேட நேரம் இருக்காது.

அருங்காட்சியகத்தை அல்லாமல் அறையையே திட்டத்தின் அலகாகக் கொள்ள வேண்டும். எந்த அறைக்குப் பின் எந்த அறை என்பதை அத்தொகுப்பு உருவான வரலாறே தீர்மானிக்க வேண்டும். இதுவே இக்கட்டுரையின் கருத்து. இதைச் சோதித்துப் பார்க்க மாட்ரிட் பொருத்தமான நகரம். பிராடோ, தைசன்-போர்னமிஸா, ரெய்னா சோஃபியா ஆகிய மூன்றும் அங்கே ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்தே போகும் தூரத்தில் இருக்கின்றன. பிராடோ நிற்கும் மரநிழல் சாலையையும் அதை அடுத்த ரெட்டிரோ பூங்காவையும் யுனெஸ்கோ 2021இல் உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. போக்குவரத்துச் சிக்கல் இல்லாததால் திட்டத்தின் குறை நிறைகள் இங்கே தெளிவாகத் தெரியும்.

2. தொகுப்புகள் பிறந்த விதம்

2.1 பிராடோ

வில்லனுவேவா என்ற கட்டடக் கலைஞர் 1785இல் இக்கட்டடத்தை இயற்கை அறிவியல் காட்சிக்கூடமாகத்தான் வடிவமைத்தார். 1819இல் அது அரச ஓவியக்கூடமாகத் திறக்கப்பட்டது. கலை வரலாறு முழுவதையும் காட்டும் நோக்கத்தோடு யாரும் இதைச் சேர்க்கவில்லை. தொகுப்பின் அடித்தளம் ஸ்பெயின் அரசர்கள் விரும்பியதும், அவர்களுடைய அரசியல் அவர்களுக்குக் கொண்டுவந்து தந்ததும்தான். ஐந்தாம் சார்லஸும் அவர் மகன் இரண்டாம் ஃபிலிப்பும் டிஷியனை ஆதரித்ததால் வெனிஸ் ஓவியம் இங்கே செழித்துக் கிடக்கிறது. இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸ் 1649இல் தலை துண்டிக்கப்பட்ட பிறகு அவருடைய ஓவியங்கள் விற்பனைக்கு வந்தன. அவற்றில் சிறந்தவை சில நான்காம் ஃபிலிப்பிடம் வந்து சேர்ந்தன.

ஃபிளாண்டர்ஸ் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. ஆகவே ரோகியர் வான் டெர் வெய்டன், ஹிரோனிமஸ் போஷ், ரூபன்ஸ் எல்லோரும் பிராடோவில் இருக்கிறார்கள். வடக்கே இருந்த டச்சுக்காரர்களோ 1568 முதல் 1648 வரை ஸ்பெயினை எதிர்த்துப் போரிட்டவர்கள். அதன் விளைவு சுவர்களில் இன்றும் தெரிகிறது. ரெம்பிராண்டின் ஓவியம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. வெர்மீர் இல்லவே இல்லை. இதை முன்கூட்டியே அறிந்தவர் இல்லாததைத் தேடி ஒரு மணி நேரத்தை இழக்க மாட்டார்.

2.2 தைசன்

இது தந்தையும் மகனுமாக இரு பிரபுக்கள் சேர்த்த தனியார் தொகுப்பு. 1992இல் வில்லஹெர்மோசா மாளிகையில் திறக்கப்பட்டது. மறு ஆண்டே அரசு அதை விலைக்கு வாங்கியது. பிராடோவில் இல்லாதவை பலவும் இங்கே இருக்கின்றன: பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியங்கள், இம்பிரஷனிஸ்டுகள், ஜெர்மன் எக்ஸ்பிரஷனிஸ்டுகள், அமெரிக்கர்கள். பழமையானவை மேல்தளத்தில் இருப்பதால் மேலே ஏறிவிட்டுக் கீழே இறங்கி வருவதுதான் முறை. மேலே கிர்லாந்தாயோ வரைந்த ஜியோவானாவின் பக்கவாட்டு முகம், கீழே ஹாப்பர் 1931இல் வரைந்த ‘ஓட்டல் அறை’. படுக்கையில் அமர்ந்து ரயில் கால அட்டவணையைப் பார்க்கும் அந்தப் பெண்ணைக் காணாமல் வரக்கூடாது.

2.3 ரெய்னா சோஃபியா

பழைய மருத்துவமனைக் கட்டடத்தில் அமைந்த இந்த அருங்காட்சியகத்திற்கும் பிராடோவிற்கும் எல்லை எது என்பதை 1995இல் ஓர் அரசாணை வரையறுத்தது. பிக்காசோ பிறந்த 1881ஆம் ஆண்டே அந்தக் கோடு. பொதுவாக, அதற்கு முன் பிறந்த ஓவியர்கள் பிராடோவுக்கு, அந்த ஆண்டிலிருந்து பிறந்தவர்கள் ரெய்னா சோஃபியாவுக்கு. நிர்வாக வசதிக்காக இழுத்த இக்கோடு பார்வையாளருக்குத் தீங்கு செய்கிறது என்பது என் கருத்து. ஒன்றையொன்று பார்த்துப் பேச வேண்டிய ஓவியங்களை அது இரண்டு கட்டடங்களில் பிரித்துவைத்திருக்கிறது. பயணத் திட்டத்தால்தான் அவற்றைச் சேர்த்துவைக்க முடியும்.

3. கோயாவிலிருந்து கெர்னிகா வரை

பிரிந்து கிடப்பவற்றில் முதன்மையானவை இரண்டு. கோயா 1814இல் வரைந்த ‘மே 3’ பிராடோவின் தரைத்தளத்தில் இருக்கிறது. நெப்போலியனின் படைவீரர்கள் முகம் தெரியாத ஒரே வரிசையாகத் துப்பாக்கி நீட்டுகிறார்கள். எதிரே வெள்ளைச் சட்டைக்காரன் இரு கைகளையும் விரித்து மண்டியிட்டிருக்கிறான். தரையில் வைத்த விளக்கு ஒன்றுதான் வெளிச்சம். அதுவும் கொல்கிறவர்களுக்கு உதவும் வெளிச்சம்.

1936இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது குடியரசு அரசு பிக்காசோவைப் பிராடோவின் இயக்குநராக நியமித்தது. குண்டுவீச்சுக்கு அஞ்சி அங்கிருந்த தலைசிறந்த ஓவியங்கள் வலென்சியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. 1939இல் அவை ஜெனீவா வரை போக நேர்ந்தது. அந்தப் போரின் நடுவே, 1937 ஏப்ரல் 26 அன்று, பாஸ்க் நாட்டின் கெர்னிகா ஊர்மீது குண்டுகள் விழுந்தன. பாரிஸ் கண்காட்சிக்காகப் பிக்காசோ அதையே வரைந்தார். 349 சென்டிமீட்டர் உயரம், 776 சென்டிமீட்டர் அகலம்; கறுப்பும் வெள்ளையும் சாம்பலும் மட்டுமே. வலது ஓரத்தில் எரியும் வீட்டில் ஓர் உருவம் கைகளை உயர்த்தி அலறுகிறது. உச்சியில் மின்விளக்கு எரிகிறது. கோயாவின் வெள்ளைச் சட்டைக்காரனை முந்தைய மாலை பார்த்தவருக்கு அந்தக் கைகளும் விளக்கும் வேறாகத் தெரியும். நியூயார்க்கில் பல பத்தாண்டுகள் இருந்த ஓவியம் ஸ்பெயினில் மக்களாட்சி மீண்ட பிறகே, 1981இல், மாட்ரிட் வந்தது. முதலில் பிராடோவின் துணைக் கட்டடத்தில் இருந்து, 1992இல் இன்றைய இடத்துக்கு மாறியது.

ஆகவே ‘மே 3’க்கும் ‘கெர்னிகா’வுக்கும் இடையில் ஓர் இரவுக்கு மேல் இடைவெளி விடக்கூடாது. மற்ற ஏற்பாடுகள் எல்லாம் இதற்கு அடங்கியே நடக்க வேண்டும்.

4. கிழமையும் கடிகாரமும்

ரெய்னா சோஃபியா செவ்வாயன்று விடுமுறை. ஞாயிறன்று பிற்பகல் 2.30க்கே மூடிவிடும். தைசன் திங்களன்று 12 முதல் 4 மணி வரை மட்டும், கட்டணமின்றி. பிராடோ ஜனவரி 1, மே 1, டிசம்பர் 25 தவிர எல்லா நாளும் காலை 10 மணிக்குத் திறக்கிறது. திங்கள் முதல் சனி வரை மாலை 6 முதல் 8 வரையும், ஞாயிறு 5 முதல் 7 வரையும் அங்கே கட்டணமில்லை. நேரங்கள் மாறக்கூடியவை, விமான டிக்கெட் போடும் முன் அந்தந்த அருங்காட்சியகத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

இலவச நேரத்தைத்தான் நம்மவர்கள் முதலில் குறித்துக்கொள்வார்கள். பிராடோவை முதன்முறை பார்க்க அந்த இரண்டு மணி நேரத்தை நம்பக் கூடாது. வரிசை நீளும், கூட்டம் நெருக்கும். அதைவிடப் பெரிய காரணம் நம் உடல். மாட்ரிட் கோடையில் நமக்கு மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்தங்கியிருக்கிறது. அங்கே மாலை ஆறு என்றால் நம் உடலுக்கு இரவு ஒன்பதரை அல்லது பத்தரை. இந்தியாவிலிருந்து வந்திறங்கிய முதல் நாள் கண் சொக்கும் வேளை அது. ஆனால் அதே காரணத்தால் விடியற்காலையில் விழிப்பு தட்டிவிடும். காலை 10 மணிச் சீட்டு நமக்கென்றே அமைந்தது போன்றது. காசு கொடுத்து அதை வாங்குவதே சரி. முதல் முறை பார்த்து முடித்தவர் ஓரிரு அறைகளுக்காகவே திரும்பி வரும்போது இலவச மாலை மிகவும் பயன்படும்.

5. களைப்பு

அருங்காட்சியகக் களைப்பைப் பற்றி 1916இல் பாஸ்டனைச் சேர்ந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் எழுதினார். தாழ்ந்த கண்ணாடிப் பெட்டிகளையும் சிறு எழுத்துக் குறிப்புகளையும் பார்க்க ஒருவர் குனிந்து, வளைந்து, எட்டிப் பார்த்துப் படும் பாட்டைப் புகைப்படங்களாகவே காட்டினார். காட்சி அமைப்பின்மேல் அவர் சுமத்திய குற்றம் நியாயமானது. ஆனால் உடல் நோகாதபோதும் கவனம் தேய்கிறது. ஓவியத்துக்கு ஓவியம் பார்வை குறுகி, கடைசியில் பெயர்ப்பலகையை மட்டும் படித்து நகரும் நிலை வரும். அந்த நிலை வந்ததும் வெளியேறிவிட வேண்டும். பெரியவர்களோடும் குழந்தைகளோடும் போகிறவர்கள் இதை இன்னும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

6. ஓர் அறையைப் பார்ப்பது

பிராடோவின் 12ஆம் அறை. வெலாஸ்கஸ் 1656இல் வரைந்த ‘லாஸ் மெனினாஸ்’. அனுமதிக்கும் தொலைவு வரை நெருங்கினால் இளவரசி மார்கரிட்டாவின் சட்டைக்கையில் துணி என்று எதுவும் இல்லை. வெள்ளையும் சாம்பலும் அவசரமாய்த் தொட்டு வைத்த கீற்றுகள் மட்டுமே. நாலைந்து எட்டு பின்வாங்கினால் அவை சரிகை இழையோடும் பட்டாகின்றன. சேடி ஒருத்தி நீட்டும் தட்டில் சிறிய சிவப்பு மண்குவளை. வலப்புறம் சிறுவன் ஒருவன் படுத்திருக்கும் நாயைக் காலால் சீண்டுகிறான். பின்சுவர்க் கண்ணாடியில் அரசனும் அரசியும். ஓவியத்தின் மேற்பாதி முழுக்க இருண்ட சுவரும் கூரையும்தான். விளக்கே இல்லாமல் கொக்கிகள் மட்டும் தொங்குகின்றன. வெலாஸ்கஸின் மார்பிலுள்ள சிவப்புச் சிலுவை 1659இல் அவர் சேர்த்துக்கொள்ளப்பட்ட சாந்தியாகோ வீரர் அமைப்புக்குரியது. ஆகவே பின்னர் சேர்க்கப்பட்டது. இத்தனையும் கண்ணில் பட அரை மணி நேரம் வேண்டும். பிராடோவில் புகைப்படம் எடுக்கத் தடை இருப்பது இதற்குத் துணை.

7. திட்டம்

வியாழன் மாலை போய்ச் சேர்வதாக வைத்துக்கொள்வோம். வெள்ளி காலை 10: பிராடோ. முதல் தளத்தில் டிஷியன், பிறகு 12ஆம் அறை. தரைத்தளத்தில் வான் டெர் வெய்டனின் ‘சிலுவையிலிருந்து இறக்குதல்’, போஷின் ‘இன்பத் தோட்டம்’. கோயா பக்கம் போகவே வேண்டாம். ஒரு மணிக்கு வெளியே வந்து, பிற்பகலை ரெட்டிரோவுக்குக் கொடுக்கலாம். சனி காலை தைசன், மேலிருந்து கீழாக. அன்று மாலை இலவச நேரத்தில் பிராடோவின் தரைத்தளம்: ‘மே 3’, பக்கத்திலேயே கோயா தம் வீட்டுச் சுவர்களில் வரைந்த பதினான்கு கறுப்பு ஓவியங்கள். வரிசையில் நின்று போனாலும் அவற்றுக்கு நேரம் போதும். ஞாயிறு காலை 10 மணிக்கு ரெய்னா சோஃபியா திறக்கும்போதே நேராக இரண்டாம் தளம் போய்விட வேண்டும். கெர்னிகாவைப் பார்த்த பிறகே மற்ற அறைகள். டாலி, மிரோ ஆகியோரின் ஓவியங்கள் வேண்டுமானால் 2.30 வரை நேரம் இருக்கிறது.