கண்டி மாவட்டம் என்ற கணக்கும் மஹய்யாவப் பிள்ளையும்

எந்தப் பல்கலைக்கழகம், எந்தத் துறை என்ற கேள்வி உயர்தரப் பெறுபேறு வந்த பிறகே எழுகிறது என்று நம் வழிகாட்டல் கருத்தரங்குகள் வைத்துக்கொள்கின்றன. மஹய்யாவையில் அதற்கான விடை பெரும்பாலும் பல ஆண்டுகளுக்கு முன்பே தீர்ந்துவிடுகிறது என்பது என் வாதம்.

கண்டி நகர எல்லைக்குள் இருக்கும் இந்தப் பகுதியில், மாநகரசபைத் துப்புரவு வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வழிவந்த குடும்பங்கள் பல வாழ்கின்றன. 1872இல் தொடங்கிய திரித்துவக் கல்லூரி இதே நகரில்தான். 1952இல் கொழும்பிலிருந்து இடம்பெயர்ந்த பல்கலைக்கழகம் பேராதனையில். ஒரே பஸ்ஸில் போய்விடலாம். இந்த அருகாமைதான் ஆய்வாளரையும் ஏமாற்றுகிறது; தடை தூரத்தில் இல்லை, பாடசாலை வகையில் இருக்கிறது.

அரச பாடசாலைகளுள் 1ஏபி வகையில்தான் விஞ்ஞானமும் கணிதமும் உட்பட உயர்தரப் பிரிவுகள் நடக்கும். 1சி வகையில் கலையும் வர்த்தகமும்; 2ஆம் வகை சாதாரண தரத்தோடு நின்றுவிடும். முதலாம் தர அனுமதியில் வதிவிடத்துக்குப் புள்ளி உண்டு. வாக்காளர் இடாப்பும் வீட்டு உறுதியும் அதைப் பெற்றுத்தரும். உறுதி இல்லாத சபைக் குடியிருப்புக் குடும்பம் அங்கேயே பின்தங்குகிறது. பின்னாளில் அந்தப் பிள்ளை கலைப்பிரிவுக்குப் போனால் "விருப்பம்" என்கிறோம். தமிழ்மொழிமூலத்தில் இணைந்த கணிதம் படிப்பிக்க ஆசிரியர் இல்லாத பாடசாலையில் பொறியியலை யார் விரும்புவது?

அடுத்து மாவட்டம். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகின்றன. நுவரெலியா அந்தப் பதினாறில் ஒன்று, கண்டி இல்லை. மாவட்டத்தைத் தீர்மானிப்பது பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் படித்த பாடசாலை. ஆகவே நுவரெலியா மாவட்டத்து ஹற்றனில் படிக்கும் தோட்டத்து மாணவி தன்னைப்போன்ற பலரோடு போட்டியிட, மஹய்யாவ மாணவி கண்டியின் பெயர்பெற்ற கல்லூரிகளின் இசட் புள்ளிகளுக்கு எதிரே நிற்கிறாள். வெட்டுப்புள்ளி இருவருக்கும் ஒன்றல்ல. வீட்டு நிலைமை ஏறக்குறைய ஒன்றுதான்.

பல்கலைக்கழக அனுமதியில் எழுபதுகளில் வந்த தரப்படுத்தலை நாம் யாழ்ப்பாணத்தின் இழப்பாக மட்டும் பேசிப் பழகிவிட்டோம். மலையகம் பற்றிய எழுத்தோ தோட்டத்தைத் தாண்டுவது அரிது. நகரத் தொழிலாளர் இரண்டு கணக்கிலும் வரவில்லை.

மாவட்ட ஒதுக்கீட்டை ஒழிக்கச் சொல்லவில்லை. ஒழித்தால் நுவரெலியாவுக்கே முதல் அடி. மாவட்டத்தோடு பாடசாலை வகையையும் சேர்த்து எடைபோடலாம் என்கிறேன். இடங்களைப் பிடிக்கப் பெற்றோர் பிள்ளைகளைச் சிறிய பாடசாலைகளுக்கு மாற்றுவார்கள் என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆனால் மாவட்டம் மாறுவோரைக் கண்காணிக்க மூன்று ஆண்டு விதி ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பாடசாலைக்கும் பொருத்தி, ஆறாம் தரத்திலிருந்து படித்திருக்க வேண்டும் என்று நீட்டினால், ஓர் இடத்துக்காக ஏழெட்டு வருடம் பிள்ளையைப் பணயம் வைக்கத் துணியும் பெற்றோர் அதிகம் இருக்கமாட்டார்கள்.