ஊரில்லாப் பங்கு: வாரம் பெர்சியும் கெசட்டியர்களும்

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்திலுள்ள பாரிஷ் என்னும் திருச்சபைப் பங்கு ஒன்றன் வரலாற்றை ஆராயப் புகுவார் முதற்கண் நாடுவன கெசட்டியர் என வழங்கும் ஊர்விவரத் தொகுதிகளே. 1831-இல் சாமுவேல் லூயிஸ் வெளியிட்ட இடவிளக்க அகராதியும், 1870 முதல் 1872 வரை வெளிவந்த ஜான் மேரியஸ் வில்சனின் இம்பீரியல் கெசட்டியரும் அவற்றுள் தலையாயவை. மக்கள்தொகை, தேவாலயம் முதலிய செய்திகள் இவற்றில் மிகச் சுருங்கக் கூறப்பெறும். அச்சுருக்கமே ஆராய்வார்க்கு இடர் விளைப்பதுமாம். இதனை யார்க்சயரின் சுண்ணக்கல் மேட்டு நிலத்திலுள்ள வாரம் பெர்சியைக் கொண்டு ஈண்டுக் காட்டுவாம். கெசட்டியர்கள் எழுந்த நாளில் அது கிழக்கு ரைடிங்கைச் சார்ந்தது. 1974 முதல் வடக்கு யார்க்சயரில் உள்ளது.

பங்கின் பெயரையும் அதன் மக்கள்தொகையையும் ஒருங்கு காண்பார், அப்பெயருடைய ஊர் ஒன்று அன்று உயிரோடிருந்தது என்றே துணிவர். உண்மை வேறு. அவ்வூர் 1500-ஐ ஒட்டியே குடியற்றுப் போயிற்று. கொள்ளைநோய் அதனை அழித்தது என்பாரும் உளர்; 1349-இல் அந்நோய் பரவிய பின்னரும் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆங்குக் குடிகள் வாழ்ந்தமையின் அக்கூற்றுப் பொருந்தாது. உழுநிலம் ஆட்டு மேய்ச்சலுக்கு விடப்பட்டதே காரணமாம். நிலக்கிழாராகிய ஹில்டன் பிரபு நான்கு வீடுகளை அழித்தமை 1517-ஆம் ஆண்டு அரசு விசாரணையால் தெரிகின்றது. இருப்போரை எண்ணும் தொகுதியில், வெளியேற்றப்பட்டார்க்கு இடம் ஏது?

அங்ஙனமாயின் எண்ணப்பட்டோர் யாவர்? அப்பங்கு பர்டேல், ரெய்ஸ்தார்ப், டவ்தார்ப், திக்சன்டேல் என்னும் டவுன்ஷிப்புகளையும் தன்னகத்தே கொண்டிருந்தது. அவற்றுள் ஊராக நிலைத்தது திக்சன்டேல் ஒன்றே. அவ்வூரார் 1870-இல் தமக்கெனத் தேவாலயம் பெறும்வரை, ஏறத்தாழ மூன்று மைல் நடந்து வாரம் பெர்சியின் புனித மார்ட்டின் தேவாலயத்திற்கு வந்தனர்.

இன்னொன்றும் நோக்கற்பாலது. பரந்த வடநாட்டுப் பங்குகளில் டவுன்ஷிப்புகள் தத்தம் ஏழைகளைத் தாமே புரக்க 1662-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. அதற்கென வரி தண்டிய ஒவ்வோரிடமும் தனிப் பாரிஷ் ஆகும் என 1866-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. எனவே, சொல் ஒன்றேயாயினும் பொருள் இரண்டு. வில்சன் நூலோ 1866-க்குப் பின் அச்சேறியும் 1861-ஆம் ஆண்டுக் கணக்கையே தருகின்றது. அச்சிட்ட ஆண்டையே எண்ணிய ஆண்டாகக் கொண்டு பிற்காலத் தொகையோடு ஒப்பிடின், நிகழாத வீழ்ச்சியொன்று நிகழ்ந்ததாகத் தோன்றும். இப்பிழை பயின்றார்க்கும் நேர்வதே.

கெசட்டியர்களைப் பொய்ந்நூல் என்று யாம் கூறோம். அவை பங்கினைக் கூறின, யாம் ஊரைத் தேடினோம். தேவாலயச் சுவர்களோ ஊரின் கதையையும் கூறுவன. வழிபடுவார் குறையக் குறைய அதன் பக்கச் சிறைகள் இடிக்கப்பெற்றன. முன்னைய வளைவுகள் அடைக்கப்பெற்று இன்றும் சுவரில் தெரிகின்றன. 1948-இல் மாரிஸ் பெரஸ்ஃபோர்டு புல்மூடிய மேடுகளில் வீட்டடிகளைக் கண்டார். பின்னர் ஜான் ஹர்ஸ்டும் அவரும் நடத்திய அகழாய்வு 1990 வரை நாற்பதாண்டு நிகழ்ந்தது. தேவாலயம் இன்று கூரையின்றி நிற்கின்றது.