பச்சையை மட்டும் பார்த்து விலை பேசாதீங்க: யூக்ளினா புராணம்

எங்க போடியில ஏலக்காய்க்கு விலை படியறதே பச்சையையும் பருமனையும் பார்த்துத்தான். சல்லடையில எட்டு மில்லிக்கு மேல நிக்கிற காய் தனி, கீழே விழறது தனி. விவரமான வியாபாரி ரெண்டு காயை உடைச்சு, உள்ளே விதை கறுப்பா இருக்கான்னும் பார்த்துக்குவார். இதே வேலையை உயிரியல்காரங்க ஒரு செல் உயிர் ஒண்ணுக்கிட்ட செய்ய நூறு வருஷத்துக்கும் மேல ஆச்சு மக்களே!

குட்டைத் தண்ணி பச்சையாகிறதுக்குக் காரணமான உயிர்களில் யூக்ளினாவும் ஒண்ணு. 1830-ல் ஜெர்மன்காரர் எரன்பெர்க் இந்தப் பேரை வச்சார். அதன் உடம்பில் சிவப்பா ஒரு கண்புள்ளி உண்டு. பச்சையம் இருக்கு, அதனால தாவரம் என்றது ஒரு கட்சி. செல்சுவர் இல்லை, சாட்டை மாதிரி கசையிழையைச் சுழற்றி நீந்துது, அதனால விலங்கு என்றது இன்னொரு கட்சி. தாவரங்களுக்குப் பெயர் வைக்கும் விதி, விலங்குகளுக்கு வைக்கும் விதி ரெண்டிலுமே இதுக்கு இடம் கொடுத்துட்டாங்க. ரெண்டு ரேஷன் கார்டு வச்சிருக்கிற ஆசாமி :-)

வழக்குக்கு முடிவு கட்டியது 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்த எலக்ட்ரான் நுண்ணோக்கி. காயை உடைச்சுப் பார்த்தாச்சு. உள்ளே என்ன?

செல் சவ்வுக்கு அடியில் புரதப் பட்டைகள், ஒண்ணோடொண்ணு கோத்தபடி. சேமிப்பு மாவுச்சத்து இல்லை; பாராமைலான் என்ற வேறு சர்க்கரைப் பொருள், அதுவும் பசுங்கணிகத்துக்கு வெளியே. பசுங்கணிகத்தைச் சுற்றி மூணு சவ்வு, பச்சைப்பாசிக்கு ரெண்டுதான். அந்த மூணாவது எப்படி வந்தது? முன்னோர் ஒருத்தர் பச்சைப்பாசியை விழுங்கி, செரிக்காம உள்ளேயே வச்சுக்கிட்டார் என்று 1978-ல் சாரா கிப்ஸ் சொன்னார். ஆக, பச்சையே இரவல்!

பச்சையைக் கழிச்சா மிச்சம் இருக்கிறது யாரோட சொந்தம்? மைட்டோகாண்ட்ரியாவின் உள்மடிப்புகள் தட்டு வடிவம். கசையிழைக்குள் கூடுதலா ஒரு தண்டு. இந்த ரெண்டு அடையாளமும் இருக்கிற இன்னொரு கூட்டம் டிரிப்பனோசோமா, லெய்ஷ்மேனியா. முதலாவது ஆப்பிரிக்கத் தூக்க நோய்க் கிருமி, ரெண்டாவது காலா அசார் கிருமி. 1981-ல் கேவலியர்-ஸ்மித் இவங்க எல்லாரையும் யூக்ளினோசோவா என்று ஒரே வீட்டில் குடிவச்சார். பின்னால் வந்த டிஎன்ஏ ஆய்வும் அதையே உறுதி செய்தது.

நம்ம சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. 1903-ல் சென்னை பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனோவன் நோயாளிகளின் மண்ணீரலில் கண்ட கிருமிக்குத்தான் லெய்ஷ்மேனியா டோனோவனி என்று பேர். பாசியியலில் இந்தியாவுக்கே முன்னோடியான எம்.ஓ.பி. அய்யங்கார் பாடம் நடத்தியதும் அதே ஊரில். ஒருத்தர் மருத்துவம், ஒருத்தர் தாவரவியல். இவங்க ரெண்டு துறையும் தனித்தனியா வளர்த்த பிள்ளைகள் பங்காளிகள் என்று தெரிய அத்தனை காலம் ஆச்சு.

எம்.டி. பிலிப்போஸ் 1982-ல் தொடங்கி இந்திய யூக்ளினா இனங்களைப் பட்டியல் போட்டார். உருவம் பார்த்து வச்ச பேர்கள் உலகம் முழுக்க இப்போ மாறிக்கிட்டு வருது. 2003-ல் யூக்ளினா ஏகஸ் லெபோசின்க்ளிஸ் ஏகஸ் ஆயிடுச்சு. நம்ம மலையடிவாரக் குட்டைகளில் நீந்துறதையும் யாராவது உடைச்சுப் பார்த்தாத்தான் நிஜமான தரம் தெரியும். உயிரியல் படிக்கிற பதிவர்கள் யாராவது இறங்குங்களேன்!