மறுபிறப்பின் ஓட்டம்: 1946ஆம் ஆண்டு இத்தாலியத் துவிச்சக்கரவண்டிப் போட்டி

நாடுகளின் வரலாற்றை உடன்படிக்கைகளிலும் பாராளுமன்ற நடவடிக்கைகளிலும் மட்டுமே தேடுதல் அறிஞர் பலரின் வழக்கம். ஆயின், மக்கள் தம்மை ஒரு நாட்டினராய் உணர்தற்கு அவை மட்டும் காரணமாவதில்லை. தேரோட்டம் ஓர் ஊரை ஒன்றுசேர்ப்பது போல, விளையாட்டுப் போட்டிகளும் சில நாடுகளில் மக்களை ஒன்றுசேர்த்துள்ளன. தேர் எவ்வீதியாற் செல்லவேண்டும் என்பது பற்றி ஊர் இரண்டுபடுதலும் உண்டன்றோ? இவ்விரு தன்மையும் ஒருங்கே விளங்கிய ஒரு நிகழ்ச்சியே இரண்டாம் உலகப் பெரும்போரின் பின் இத்தாலியில் நடைபெற்ற முதலாவது நாடுசுற்றும் துவிச்சக்கரவண்டிப் போட்டி.

'ஜீரோ டி இத்தாலியா' என வழங்கும் இப்போட்டியை 1909ஆம் ஆண்டிலே தொடக்கியது 'கசெட்டா தெல்லோ ஸ்போர்ட்' என்னும் பத்திரிகை. அப்பத்திரிகை இளஞ்சிவப்புத் தாளில் அச்சிடப்படுவது. அதனாலேயே 1931 முதல் போட்டியில் முன்னிற்பவர் இளஞ்சிவப்புச் சட்டை அணிதல் மரபாயிற்று. ஓட்டம் பல நாட்களுக்குப் பல கட்டங்களாய் நடைபெறும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் எடுத்த நேரத்தைக் கூட்டி, மொத்தத்திற் குறைந்த நேரம் எடுத்தவரையே வெற்றியாளர் எனக் கொள்வர். எனவே ஒரு நாளில் முதல்வராய் வருதலினும் எல்லா நாட்களிலும் தளராதிருத்தலே இதிற் சிறப்புடையது.

1940ஆம் ஆண்டுப் போட்டி யூன் 9ஆந் திகதி முடிவுற்றது. மறுநாளே இத்தாலி போரிற் புகுந்தது. அவ்வாண்டு வென்றவர் இருபது வயதே நிரம்பிய ஃபவுஸ்டோ கோப்பி. பின்னர் அவர் போர்வீரராகி, 1943இல் வட ஆபிரிக்காவிற் பிரித்தானியராற் சிறைப்பிடிக்கப்பட்டார். அவருக்கு மூத்தவரான ஜீனோ பர்த்தாலி 1936இலும் 1937இலும் இத்தாலியப் போட்டியையும், 1938இற் பிரான்சு நாட்டுப் போட்டியையும் வென்றவர். கத்தோலிக்க சமயத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். போர்க்காலத்தில் யூதர்களைக் காத்தற்கு உதவினார் என்று இசுரவேலின் யாத் வாஷெம் நிறுவனம் 2013ஆம் ஆண்டில் அவரைப் போற்றியது. இவ்விருவரும் ஐந்தாண்டு இடையீட்டின் பின் மீண்டும் எதிர்நின்ற களமே 1946ஆம் ஆண்டுப் போட்டி.

அப்போது இத்தாலியின் நிலை யாது? பாலங்கள் தகர்ந்தும் வீதிகள் சிதைந்தும் கிடந்தன. பாசிச ஆட்சி வீழ்ந்து, நாட்டினர் தம்முட் பகைத்துப் போரிட்ட வடு ஆறாதிருந்தது. யூன் 2ஆந் திகதி நடந்த பொதுவாக்கெடுப்பிற் குடியரசுக்கு ஏறக்குறைய 1 கோடி 27 இலட்சம் வாக்குகளும் முடியாட்சிக்கு 1 கோடி 7 இலட்சம் வாக்குகளும் கிடைத்தன. வடக்கு குடியரசையும் தெற்கு முடியரசையும் விரும்பின. இரு கிழமை கழியுமுன், யூன் 15ஆந் திகதி, மிலான் நகரிலே போட்டி தொடங்கியது. 'மறுபிறப்பின் ஓட்டம்' என அதற்குப் பெயரிட்டனர். 17 கட்டங்கள், தூரம் ஏறக்குறைய 3,000 கிலோமீற்றர். எனினும் நாடுசுற்றும் போட்டி எனப் பெயர் பெற்ற இவ்வோட்டம் நேப்பிள்சுக்குத் தெற்கே செல்லவில்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது.

தெற்கே முழுமையுஞ் செல்லாத ஓட்டம் வடகிழக்கில் திரியெஸ்தே நகரம் வரை செல்ல விழைந்தது. அந்நகர் அப்போது இத்தாலியின் ஆட்சியில் இருக்கவில்லை. 1945 மேயில் யூகோசிலாவியப் படைகள் அதனைக் கைப்பற்றின. யூன் 12ஆந் திகதி அவை விலக, நேசநாட்டு இராணுவ நிருவாகம் அமைந்தது. குடியரசு பற்றிய வாக்கெடுப்பும் அங்கு நடைபெறவில்லை. நகரின் எதிர்காலத்தை வல்லரசுகளின் வெளிநாட்டமைச்சர்கள் பாரிசு மாநகரில் ஆராய்ந்துகொண்டிருந்தனர். வாக்குச்சீட்டுச் செல்லாத நகருக்குச் சைக்கிள் சென்றது எனில், அது வெறும் விளையாட்டாகாது என்பதை இருசாராரும் உணர்ந்திருந்தனர்.

யூன் 30ஆந் திகதி வீரர்கள் ரொவீகோ நகரிலிருந்து திரியெஸ்தேயை நோக்கிப் புறப்பட்டனர். இசொன்சோ ஆற்றை அடுத்த பியெரிஸ் என்னும் சிற்றூரில் வீதி மறிக்கப்பட்டிருந்தது. கற்கள் வீசப்பட்டன, துப்பாக்கி வேட்டுக்களும் எழுந்தன. வீரர்கள் சிதறி ஒதுங்கினர். கட்டத்தை அவ்விடத்தோடு நிறுத்தி எல்லோருக்கும் ஒரே நேரம் கணிப்பதென முடிவாயிற்று. ஆனால் சிலர் பின்வாங்க மறுத்தனர். அவர்களுள் முதன்மையானவர் திரியெஸ்தேயிற் பிறந்த ஜியோர்தானோ கொத்தூர். முதலாங் கட்டத்தை வென்று இளஞ்சிவப்புச் சட்டையை முதலில் அணிந்தவரும் அவரே. அவர் ஓடிய வில்லியர் நிறுவனம் 'திரியெஸ்தினா' என்னும் அடைமொழியைத் தன் பெயரோடு சேர்த்திருந்தது. அச்சிறு குழுவினரை இராணுவ லொறிகளில் ஏற்றி நகரின் அண்மைக்குக் கொண்டு சென்றனர். அங்கிருந்து சைக்கிளில் நகருட் புகுந்த கொத்தூர் முதல்வராய் வர, மக்கள் ஆரவாரித்து வரவேற்றனர்.

கதையை இவ்வளவில் நிறுத்துவோர் பலர். அன்று நகரிலே கலகம் மூண்டு ஸ்லொவீனியரின் இடங்கள் தாக்கப்பட்டமையையும் கூறுதலே நடுவுநிலைமை. பாசிச ஆட்சியில் அம்மக்களின் பாடசாலைகள் மூடப்பட்டன. அவர்தம் மொழி பொதுவாழ்விலிருந்து விலக்கப்பட்டது. 1920இலேயே அவர்களது தேசிய மண்டபம் தீக்கிரையாயிற்று. ஒருசாரார்க்கு நாட்டின் ஒருமையாய்த் தோன்றிய ஓட்டம் மற்றொரு சாரார்க்குப் பழைய ஆதிக்கத்தின் மீள்வரவாய்த் தோன்றியதில் வியப்பில்லை. கல்லெறிதல் நியாயமாகாது, எனினும் அதன் காரணத்தை அறியாது விடுதலும் வரலாறாகாது.

அதன்பின் ஓட்டம் டொலமைட் மலைகளிற் புகுந்தது. கோப்பி முன்னேறிப் பாய்ந்து இழந்த நேரத்தைப் படிப்படியாய் மீட்டார். எனினும் பர்த்தாலி தளரவில்லை. யூலை 7ஆந் திகதி மிலான் நகரில் ஓட்டம் முடிந்தபோது அவர் 47 வினாடிகளால் வென்றார். மூன்று கிழமை உழைப்பின் முடிவை ஒரு நிமிடத்திற்குங் குறைந்த நேரம் தீர்மானித்தது.

திரியெஸ்தேயின் முடிவு அத்துணை விரைவில் வரவில்லை. 1947ஆம் ஆண்டுச் சமாதான உடன்படிக்கை அதனைத் தனி ஆள்புலமாக்கியது. 1954 ஒற்றோபரிலேதான் நகரம் இத்தாலியிடம் மீண்டது. 1975இல் எல்லை பற்றிய வழக்கு முற்றாகத் தீர்ந்தது. 2007இல் இத்தாலிக்கும் ஸ்லொவீனியாவுக்கும் இடையே எல்லைச் சோதனைகளும் நீங்கின.

விளையாட்டு நாட்டை ஒன்றுபடுத்தும் என்பர். 1946ஆம் ஆண்டின் ஓட்டம் அதனை மெய்ப்பித்தது. பர்த்தாலியையும் கோப்பியையும் காண வந்தோர் தகர்ந்த பாலங்களின் மருங்கே ஒருங்கு நின்றனர். ஆயின், யார் அந்நாட்டினர், எதுவரை அந்நாடு என்னும் வினாக்களுக்கு விளையாட்டு விடை தரவில்லை. அவ்விடை காண முப்பதாண்டுகளும் பல உடன்படிக்கைகளும் வேண்டியிருந்தன. ஓட்டத்தின் பாதையை வரைவோர், அப்பாதையின் இருமருங்கும் வாழ்வோரை மறத்தலாகாது என்பதே பியெரிஸ் வீதி நமக்கு உணர்த்தும் பாடமாகும்.