வளைத்தால் உடையும் குரோமியம்.. வளைய வைத்த பீங்கான் தூள்! எப்படி தெரியுமா?

பைக் பாகங்களில் பளபளன்னு மின்னும் முலாம், குரோமியம். இதே உலோகத்தில் ஜெட் இன்ஜின் பிளேடு செய்ய முடியுமா? உலோகவியலாளர்களைப் பல பத்தாண்டுகளாக அலைய விடும் கேள்வி இது.

குரோமியம் மேல் ஏன் கண்?

இன்ஜின் எவ்வளவு அதிக சூட்டில் இயங்குதோ, அவ்வளவு எரிபொருள் மிச்சம். இப்போதைய பிளேடுகள் பெரும்பாலும் நிக்கல் கலவையில் செய்யப்படுகின்றன. நிக்கல் 1,455 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். குரோமியம் உருக 1,907 டிகிரி தேவை. எடையும் நிக்கலைவிட குறைவு.

சிக்கல் எங்கே?

சாதாரண வெப்பநிலையில் குரோமியத்தை வளைத்தால் பொசுக்குன்னு உடைந்துவிடும். முக்கியக் குற்றவாளி, நைட்ரஜன். பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கலந்தாலே போதும், உலோகம் நொறுங்கும் தன்மைக்கு மாறிவிடும்.

செர்மெட் என்றால் என்ன?

உலோகத்தையும் பீங்கான் வகைப் பொருளையும் தூளாக்கி, கலந்து, அழுத்தி, சூடேற்றி இறுக்குவதுதான் செர்மெட். 77% குரோமியம், 23% அலுமினா கலந்த செர்மெட், உருகிய செம்பின் வெப்பத்தை அளக்கும் கருவிக்கு உறையாகப் பயன்பட்டது. சூட்டைத் தாங்கும், ஆனால் ஓங்கி அடித்தால் விரிசல் விடும்.

திருப்பம் எப்படி வந்தது?

1960களில் அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனத்தில் ஸ்க்ரக்ஸ் என்பவர், குரோமியத்துடன் சுமார் 6% மெக்னீசியம் ஆக்சைடும் 0.5% டைட்டானியமும் சேர்த்தார். பீங்கான் சேர்த்தால் இன்னும் நொறுங்கணும்தானே? நடந்ததோ நேர்மாறு. சாதாரண வெப்பநிலையிலேயே இழுத்தால் உடையாமல் நீண்டது. 'குரோம்-30' என்று பெயர் பெற்றது இந்தக் கலவை.

காரணம் என்ன?

டைட்டானியத்துக்கு நைட்ரஜன் மீது ஈர்ப்பு அதிகம், அதைப் பிடித்துக்கொள்ளும். மெக்னீசியம் ஆக்சைடு துகள்கள் சூட்டில் குரோமியத்துடன் வினைபுரிந்து 'ஸ்பினல்' என்ற சேர்மமாகின்றன. நொறுங்க வைக்கும் அசுத்தங்கள் உலோக மணிகளின் எல்லையில் படியாமல், இந்தத் துகள்களைச் சுற்றி ஒதுங்குவதாக விளக்கம் தரப்படுகிறது.

அப்போ பிளேடு ரெடியா?

இல்லை. காற்றுபட அதிக சூட்டில் வேலை செய்யும்போது, வெளியிலிருந்து மறுபடியும் நைட்ரஜன் உள்ளே புகுந்துவிடும். வலிமையைக் கூட்ட வேறு உலோகங்களைச் சேர்த்தால், நீளும் தன்மை குறையும். இரண்டையும் ஒருசேரப் பிடிப்பதில்தான் சவாலே இருக்கு!