அஸ்திரத்தில் வருவது ஒளிதானா?

ராமனும் ராவணனும் விடுகிற அம்புகள் நடுவானில் முட்டிக்கொண்டு ஜொலிக்குமே, அது நிஜ ஒளியா? எங்கள் வகுப்பில் ஒரு வாரமாக இதுதான் சண்டை. ராமானந்த் சாகரின் 'ராமாயண்' தூர்தர்ஷனில் முதலில் வந்தது 1987-88இல். 2020 ஊரடங்கில் மறுபடி போட்டபோதுதான் எங்கள் செட் பார்த்தது. டிராகன் பால் ரசிகர்கள் கமேஹமேஹாவையும் இழுத்து வர, வகுப்பே இரண்டு கட்சி. நான் 'ஒளி இல்லை' கட்சி. (பி.காம்.காரனுக்கு எதுக்குங்க இயற்பியல்னு கேக்காதீங்க, கணக்கு வரும்!)

ஒளி நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகும். அன்னூரிலிருந்து கோவை சுமார் 30 கிலோமீட்டர். பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஒளிக்கு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. சினிமாவில் நொடிக்கு 24 படங்கள். ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஒளி 12,500 கிலோமீட்டர் தாண்டிவிடும். அது பறந்து வருவதைப் பார்த்து எதிரி விலகவே முடியாது. பார்த்துவிட்டான் என்றால் ஏற்கெனவே பட்டுவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று, ஒளிக்கற்றை பக்கவாட்டில் தானாகத் தெரியாது. 1905இல் புரொஜெக்டரை வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். அந்தக் காலக் கொட்டகைகளில் தலைக்கு மேலே கற்றை பளிச்சென்று தெரிந்ததென்றால், உபயம் பீடிப் புகை! தூசியோ புகையோ ஒளியைச் சிதறடித்தால்தான் கண்ணுக்கு வரும். நம்ம திருச்சி சர் சி.வி. ராமன் 1921இல் கப்பலில் போகும்போது கடலின் நீலத்தைப் பார்த்து மண்டையைக் குடைந்துகொண்டதும் இந்தச் சிதறலைப் பற்றித்தான். 1928இல் ராமன் விளைவு வந்தது.

கதை எழுதியவர்களுக்கு இது தெரியாமலும் இல்லை. 1898இல் புத்தகமாக வந்த எச்.ஜி. வெல்ஸின் செவ்வாய்வாசிகள் கதையில் வெப்பக் கதிர் கண்ணுக்கே தெரியாது. 1960இல் மெய்மன் நிஜ லேசரையே செய்து காட்டிவிட்டார். அதற்கப்புறமும் 1977 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் கதிர்கள் துண்டு துண்டாகப் பறந்தன. வேறு வழி? வருவது தெரியாவிட்டால் சண்டையில் என்ன சுவாரசியம்! நம்ம ஆட்கள் கையில் வில் இருந்ததால் ஒளியும் அம்பு மாதிரியே போய், அம்பு மாதிரியே ஒடிந்தது.

"ஜொலிக்குதே, அப்ப ஒளிதானே?" என்பது எதிர்க்கட்சியின் கடைசி அஸ்திரம். தீப்பந்தத்தை எறிந்தால் பறப்பது பந்தம். அதிலிருந்து நம் கண்ணுக்கு வருவதுதான் ஒளி. இதைச் சொன்னதும் நாகாஸ்திரத்துக்குத் தாவிவிட்டார்கள். அது பாம்புப்பா!